விறகில்லாத புகைக்கூடம்

ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் டிராகன் வீரர் இனத்தைச் சேர்ந்தவர். அந்த இனத்தார் ஆளுக்கொரு டிராகனோடு உயிரைப் பிணைத்துக்கொண்டு பல நூறு வருஷம் வாழ்வார்கள். அவருடைய டிராகன், வெள்ளைக்காரன் வருமுன்பே மலையடியில் தூங்கப் போய்விட்டதாம். நரைக்காத தலை, செதில் படிந்த கை. அந்தக் கையை எந்நேரமும் சுவரில் வைத்திருப்பார். அதன் வழியாகச் சுவரில் ஏறும் டிராகன் மூச்சின் சூட்டிலேயே ஷீட்டெல்லாம் காய்ந்துவிடும். அவர் விறகு எரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் ஷீட்டோடு போனபோது சுவர் சில்லிட்டிருந்தது.

“அண்ணே, டிராகன் செத்துப்போச்சா?”

“செத்திருந்தா நான் நிப்பேனா லா? முழிச்சிருச்சு. மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.”

“எதுக்குண்ணே?”

“சண்டைக்கு முன்னால நாங்க அப்படித்தான் செய்வோம். லயத்து வீடுகள்ல இருக்கிற பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கிளம்பு.”

“யாரோட சண்டை?”

அவர் மூச்சை இழுத்து வாயை மூடிக்கொண்டார். மார்பைப் பார்த்தேன், அதுவும் அசையவில்லை.

பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்து ஒரு வருஷமாகிறது. தோட்டத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள். அவர் மட்டும் சுவரில் கைவைத்தபடி நிற்கிறாராம். இன்னும் மூச்சு விடவில்லையாம்.