சுவரைப் பார்த்த கதவு

போன வாரம் வீட்டில் கரையான் பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஆசாரி வந்திருந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர், சமையலறையின் கிழக்குக் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கைநீட்டும் தூரத்தில் சுவர்.

"ஏனுங்கம்மா, இந்தக் கதவு எதுக்குங்க? தொறந்தா செவுருதானுங்க இருக்குது. அட, உள்ள தாப்பாளும் இல்லீங்களே!"

கட்டும்போதே வைக்கவில்லை என்றேன். மனிதர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

திறந்த கதவு வழியாகப் பாசி பிடித்த சிமெண்டின் ஈர வாடை வந்தது. ஒரு காலத்தில் அதே கதவு வழியாக அரிசிம்பருப்புச் சாதத்தின் வாசனை வரும். பூண்டும் சின்ன வெங்காயமும் நெய்யும் சேர்ந்த வாசனை. நான் கோவில்பட்டிக்காரி. முதல் முறை அதைச் சாப்பிட்டபோது, குழம்பு வைக்கச் சோம்பல்பட்ட யாரோ அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு இறக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் நானே கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்.

கொடுத்தவர் சரசக்கா. என் வீட்டுக்காரருக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை கிடைத்து, நாங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியபோது எனக்கு ஆறு மாதம். சரசக்காவின் கணவரும் அதே கம்பெனி. வாடகை வீட்டில் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷன். நான் பெட்டியைத் தூக்கப் போனதும் ஓடி வந்தார். "அய்யோ, மாசமா இருக்கீங்க, கனமெல்லாம் தூக்காதீங்க அம்மணி. நான் எடுத்து வெச்சுப்போடறனுங்க." என்னைவிடப் பத்து வயது பெரியவர், எனக்கு 'ங்க' போடுகிறார்! எங்கள் பக்கத்தில் பாசம் என்றால் வசவோடுதான் வரும். என் அம்மா என்னை 'மூதேவி' என்று கூப்பிடாத நாள் கிடையாது. சரசக்காவோ பிறந்து பத்து நாளான என் மகளிடம்கூட, "ஏனுங்க கண்ணு அழுவறீங்க? பசிக்குதுங்களா?" என்று விசாரிப்பார். பிள்ளை வளர்க்க இதைவிட நல்ல ஊர் உலகத்தில் இல்லை என்று என் வீட்டுக்காரரிடம் தினமும் சொல்லிச் சொல்லி அவர் காதைப் புளிக்க வைத்தேன்.

அப்போது இந்தத் தெரு சோளக்காடாக இருந்தது. சைட் போட்டதும் இரண்டு குடும்பமும் ஒட்டினாற்போல இடம் வாங்கினோம். "நடுவுல செவுரெல்லாம் வேண்டாமுங்க" என்றார் சரசக்கா. "உங்க சமையக்கட்டும் எங்க சமையக்கட்டும் மூஞ்சிக்கு மூஞ்சி இருக்கட்டுமுங்க. புள்ளைக ரெண்டு ஊட்லயும் வளரட்டும்." என் சமையலறைக் கதவை அவர்கள் பக்கமாகவே வைத்தோம். எங்கள் இடத்தின் விளிம்பு வரைக்கும் கட்டடத்தை இழுத்துவிட்டோம். "எதுக்கும் பொறவால ஒரு கதவு உட்டுக்கலாமுங்க" என்று மேஸ்திரி பின்பக்கத்தைக் காட்டிச் சொன்னார். "எங்களுக்கு எதுக்குங்க?" என்று சிரித்தேன். அதற்குள் எனக்கும் 'ங்க' வந்திருந்தது, அந்தப் பெருமை வேறு.

மகளைச் சரசக்காவிடம் விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குப் போனேன். மகளுக்கு அவர் பெரியம்மா. என் சமையல் பிடிக்காவிட்டால் தன் எவர்சில்வர் தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். பாதி நாள் என் சமையல் பிடிக்காது. எனக்கே பிடிக்காது என்பது வேறு கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு சமையலறைக்கும் நடுவே இருவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். கையில் தோசைக்கரண்டியோடு வெளியே வந்து என்னவென்று கேட்டேன். ஒருவர் சரசக்கா வீட்டைக் காட்டினார்.

"இந்த ஊட்ட நாங்க வாங்கிப்போட்டமுங்க. காம்பவுண்டுக்கு அளக்கறோம். ஏனுங்க, உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

பால்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. முந்தின நாள் மாலைதான் சரசக்கா எனக்கும் சேர்த்து மாவாட்டித் தந்திருந்தார். அந்த மாவில்தான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

போய்க் கேட்டேன். முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றார். "எப்படிச் சொல்றதுன்னு தெரீலீங்க அம்மணி. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு அப்படியே உட்டுப்போட்டனுங்க."

இந்த ஊரில் முகத்துக்கு நேரே கசப்பான சேதி சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வர முடியாது என்றால் 'பாக்கலாமுங்க' என்பார்கள். அந்த மரியாதையில்தான் நான் மயங்கிக் கிடந்தேன். எங்கள் ஊராக இருந்தால் தெருவில் நின்று சண்டை போட்டு, மண்ணை வாரித் தூற்றி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். வயிறெரிந்தாலும் விஷயம் தெரிந்திருக்கும். சரசக்கா எனக்குச் செய்தது துரோகம். இத்தனை வருடத்தில் அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை.

அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்தார்கள். தங்கள் மகனின் பள்ளிக்கூடத்துக்காக வடவள்ளிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வேறு தேசமில்லை, இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வந்தது. தபாலில். இங்கே வேண்டியவர்கள் என்றால் வீடு தேடி வந்து, குங்குமம் கொடுத்து, கையில் தருவார்கள். தபாலில் போவது எப்போதோ பார்த்த ஆட்களுக்கு. நாங்கள் போகவில்லை.

புதிதாக வந்தவர்கள் இரண்டே நாளில் சுவரை எழுப்பினார்கள். அவர்கள் இடம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாம் நாள் மத்தியானம், அப்போது நாலரை வயதான என் மகள் தட்டோடு கதவைத் தள்ளினாள். சுவர் அவள் தலைக்கு மேலே வளர்ந்திருந்தது. "பெரியம்மா!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லாததால் தட்டால் சுவரைத் தட்டினாள். மேலே நின்ற கொத்தனார் கரண்டியை நிறுத்தி, "பெரியம்மா ஊட்ல இல்லீங்க கண்ணு" என்றார். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் அந்த மாதமே வேலையை விட்டேன்.

சோளக்காடு போய்விட்டது. மொட்டை மாடியிலிருந்து தெரிந்த குருடி மலையையும் அடுக்குமாடி மறைத்துவிட்டது. கதவை மட்டும் நான் எடுக்கவில்லை. கேட்டவர்களிடம் காற்றுக்காக என்றேன். சுவரிலிருந்து என்ன காற்று வரும்? சரசக்கா என்றைக்காவது வந்தால் அந்தப் பக்கமாகத்தான் வருவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

இந்த முறை ஆசாரியிடம் கழற்றச் சொல்லிவிட்டேன். கொத்தனார் வந்து செங்கல் வைத்துப் பூசினார். சாயங்காலம் ஓசூரிலிருக்கும் மகள் போன் செய்தாள். அவளை வளர்க்கத்தானே இந்த ஊரிலேயே வீடு கட்டினோம், அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"அந்தச் சமையக்கட்டுக் கதவ அடைச்சாச்சும்மா."

"எந்தக் கதவும்மா?"

"கெழக்கால இருந்துச்சே. பெரியம்மா வீட்டுக்குப் போறது."

"எந்தப் பெரியம்மா? அங்க எப்பவும் செவுருதானம்மா இருந்துச்சு?"

"ஆமா கண்ணு" என்றேன்.