கண் மருந்து டப்பாவில் வெண்ணெய்

அந்தக் குடியிருப்பில் எல்லாரும் அவரை லிப்ட்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். லிப்ட் பழுது பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. எந்தக் கட்டடத்தில் லிப்ட் மக்கர் பண்ணினாலும் ஆள் வந்து கதவைத் தட்டும். அவரும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அடுப்பு அவர் கைக்கு வந்தது ஓய்வுக்குப் பிறகுதான். மனைவி சீருடை தைக்கிற கடையில் காலையிலிருந்து மாலை வரை மெஷினில் உட்கார்ந்திருப்பாள். மகன் சரக்கு வேன் ஓட்டினான். மருமகள் கால்நடை மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளர். வீட்டில் சும்மா இருந்தவர் அவர் ஒருவர்தான். "நான் சமைக்கிறேன்" என்று அவர் சொன்ன அன்று மனைவி சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஊசி கீழே விழுந்துவிட்டது.

மருமகள் வீகன். இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், வெண்ணெய், முட்டை, தேன், எதுவும் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டாள். "எனக்காக யாரும் கஷ்டப்பட வேண்டாம், நானே ஏதாவது பண்ணிக்குவேன்" என்றாள். லிப்ட்காரருக்கு அது ரோஷமாகப் போய்விட்டது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பா? எல்லாருக்கும் ஒரே சமையல், அதுவும் அவள் சாப்பிடுகிற சமையல் என்று முடிவு பண்ணினார்.

நன்றாகவே சமைத்தார். பருப்பை மசிய வேகவைத்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி மேலே கொட்டுவார். வறுத்த நிலக்கடலையைத் தக்காளியோடு அரைத்துக் கெட்டிக் குழம்பு வைப்பார். கொண்டைக்கடலையோடு கீரை, தோல் சீவாமல் அடுப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு. எல்லாமே மலிவான சரக்கு. சந்தை முடிகிற நேரத்தில் போய், கடைக்காரர்கள் தள்ளிவிடுகிற காய்களைப் பையில் அள்ளிக்கொண்டு வருவார். மகன்கூட இறைச்சி எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டான்.

வினை வந்தது இனிப்பில்தான்.

மருமகளின் பிறந்த நாளைக்கு வாழைப்பழக் கேக் செய்தார். முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, பால் இல்லை. வெளியே வந்தது கேக் அல்ல, செங்கல். மகன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, மேட்டுல வண்டிய நிறுத்தும்போது டயருக்குக் கீழ வைக்கலாம்பா, நகரவே நகராது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மருமகள் மட்டும் சிரிக்காமல் ஒரு துண்டை மென்று மென்று விழுங்கி, "நல்லாத்தான் இருக்கு மாமா" என்றாள். அந்த இரக்கம்தான் அவரைக் குத்தியது.

அடுத்த முறை மாவைப் பிசையும்போது அவர் கை தானாகக் கடைப் பையிலிருந்த வெண்ணெய்க் கட்டியை எடுத்தது. 'தானாக' என்று பிற்பாடு அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். வெண்ணெயை வாங்கி வந்ததே அவர்தான். கேக் பூப்போல உப்பி வந்தது. வாசனை மாடிப்படி வரைக்கும் போனது. மருமகள் ஒரு வாய் வைத்தாள், கண் விரிந்தது.

"மாமா! இதுல என்ன போட்டீங்க?"

"தேங்காய் எண்ணெய்தாம்மா" என்றார் வாய் கூசாமல்.

"கடையிலகூட இப்படிக் கிடைக்காது. என்னை மாதிரி ஆளுங்களுக்கு நல்ல இனிப்பே கிடையாதுன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. கேக்கில் வெண்ணெய், புட்டிங்கில் பால், பிஸ்கட்டில் மறுபடியும் வெண்ணெய். வெண்ணெயைத் தன் கண் சொட்டு மருந்து வைக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பிரிட்ஜின் மேல்தட்டில் பின்னால் தள்ளி வைத்தார். மனைவி ஒரு நாள் அதைத் திறந்துவிட்டாள்.

"ஏங்க, கண்ணுக்குப் போடுற மருந்து இவ்வளவு மஞ்சளாவா இருக்கும்? ரொட்டில தடவலாம் போல இருக்கே?"

அவர் திருதிருவென விழித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு ஸ்பூன் வெண்ணெய்தானே. அதுக்கு எந்த மாடு அழப்போகுது? பொண்ணு ஆசையா சாப்பிடுறா இல்ல" என்றார்.

மனைவி மூடியைப் போட்டு உள்ளே வைத்துவிட்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பார்க்கல."

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மருமகள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். ரப்பர் காலணி முழுக்கச் சேறு. டாக்டரோடு ஒரு பால் பண்ணைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். கை கழுவிவிட்டு சமையலறை மேடையோரமாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் புட்டிங் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார். கொஞ்சம் சாப்பிட்ட பிறகுதான் பேசினாள்.

"இன்னிக்கு ஒரு கன்னுக்குட்டிய வண்டில ஏத்தினாங்க மாமா. பிறந்து ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். வண்டி கிளம்பினதும் தாய் மாடு வேலி ஓரமாவே கூட நடந்துச்சு. வேலி முடிஞ்ச இடத்துல நின்னுடுச்சு. நாங்க வேலைய முடிச்சுட்டுத் திரும்பி வர்றப்பவும் அங்கேயேதான் நின்னு கத்திட்டு இருந்துச்சு."

அவர் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அங்க யாரையும் குறை சொல்ல முடியாது, அது அவங்க பொழப்பு. நான் சாப்பிடலன்னா அந்த மாட்டுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, தெரியும். ஆனா என்னால முடியல, அவ்வளவுதான்." இன்னொரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். "வெளியில எங்க போனாலும் இதுல பால் இருக்கா, அதுல முட்டை இருக்கான்னு கேட்டுக்கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு. இங்க மட்டும்தான் மாமா எதையும் யோசிக்காம சாப்பிடுறேன்."

கிண்ணத்தில் இருந்தது சுத்தமான பால். மேலே பளபளவென்று இருந்தது பாலாடை. அவள் அதை வழித்துச் சாப்பிட்டு முடிக்கிற வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தனக்கென்று எடுத்து வைத்த கிண்ணம் அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் கண் மருந்து டப்பாவைக் காலி செய்து வெந்நீர் விட்டுக் கழுவினார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. முதலில் நிஜமாக ஒரு நல்ல இனிப்பு செய்துவிடுவோம், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார். பழுதான மோட்டாரைப் பிரித்துப் போடுகிற மாதிரி சமையலறையைப் பிரித்துப் போட்டார். கேக் உப்புவதற்குச் சோடா மாவோடு வினிகர் சேர்த்துப் பார்த்தார். வெண்ணெய் தருகிற வழவழப்புக்கு நிலக்கடலையை எண்ணெய் பிரிகிற வரை அரைத்தார். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் நன்றாகக் குளிரவைத்து, சர்க்கரை போட்டு அடித்தார்; கை ஓய்கிற நேரத்தில் அது வெள்ளை வெளேரென்று நுரைத்து நின்றதை அவராலேயே நம்ப முடியவில்லை. கீழே கொட்டுகிற தண்ணீர்! அந்த நுரையைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் மெதுவாகக் கலந்து, வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்துக் குளிரவைத்தார். கெட்டுப்போனதெல்லாம் அவர் வயிற்றுக்குள்ளேயே போனது. கடைசியில் ஒரு நாள் சரியாக வந்துவிட்டது.

மருமகள் சாப்பிட்டாள். "எப்பவும் போல சூப்பரா இருக்கு மாமா."

எப்பவும் போல. இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அவளே கண்டுபிடிக்கவில்லை. தப்பித்துவிட்டார். தப்பித்ததுதான் அவரை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. போதாக்குறைக்கு அவள், "எங்க ஆஸ்பத்திரில நாலு பேர் கத்துக்கணும்னு கேட்கிறாங்க. இங்க வரச் சொல்லட்டா?" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"விடுங்களேன்" என்றாள் மனைவி. "இனிமே போடப்போறதில்ல. முடிஞ்சுபோச்சு. இப்பப் போய்ச் சொன்னா சாப்பிட்டதை நினைச்சு அவளுக்குத்தான் வேதனை."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஒரு விடுமுறை நாள் காலையில் மருமகள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவர் போய்க் கதவோரமாக நின்றார்.

"அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் பண்ணின கேக்குல தேங்காய் எண்ணெய் இல்ல. வெண்ணெய்."

அவள் புரியாமல் பார்த்தாள். "எந்தக் கேக்?"

"முதல் கேக்கைத் தவிர எல்லாம். பிஸ்கட்லயும். புட்டிங்ல பால். இப்ப கொஞ்ச நாளாத்தான் இல்ல. குழம்பு, பருப்புல எல்லாம் எப்பவும் கைய வைக்கல, அது சத்தியம்."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எதையோ கணக்குப் போடுவது மாதிரி நின்றாள்.

"நான் அந்தக் கன்னுக்குட்டியப் பத்திச் சொன்னேனே... அன்னிக்கு?"

பொய் சொல்ல இடம் இருந்தது. "அன்னிக்கும்தாம்மா" என்றார்.

அவள் பக்கெட்டில் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் போட்டாள். கிளிப் மாட்டினாள். வெறும் பக்கெட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டி உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அந்த வாரம் அவள் ரொட்டியும் பழமும் வாங்கி வந்து தன் அறையிலேயே சாப்பிட்டாள். மகன் வந்து கத்தினான். "ஒரு கேக்குக்காகவாப்பா? அவ உங்களை எவ்வளவு நம்பினா தெரியுமா?" மனைவி தையலை நிறுத்திவிட்டு, "எனக்கும் தெரியும்டா. என்னையும் சேர்த்துத் திட்டு" என்றாள். மகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒரு சாயங்காலம் அவர் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகல மாமா. ஆனா பசிக்குது. நீங்க சமைங்க, நான் நின்னு பார்க்கிறேன்."

அவர் தலையாட்டினார். எண்ணெய் பாட்டிலின் பெயர் ஒட்டிய பக்கத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு ஊற்றினார். அவள் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

ஆஸ்பத்திரிக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவோமா என்று அவரே கேட்டார். "செய்முறை என்ன தப்புப் பண்ணிச்சு? வரட்டும்" என்றாள். நாலு பேரும் வந்து அந்தச் சின்னச் சமையலறையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். கடலைத் தண்ணீர் நுரைத்து வந்தபோது கை தட்டினார்கள். ஒருத்தி கேட்டாள், "முதல் தடவையே இப்படி வந்துச்சா சார்?"

"இல்லம்மா. முதல்ல வெண்ணெயப் போட்டு இவளை ஏமாத்தினேன்."

வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்து நாலு பேரும் சிரித்தார்கள். மருமகள் சிரிக்கவில்லை. கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

இப்போது சாப்பாடு பழையபடி எல்லாருக்கும் ஒன்றாகத்தான். இனிப்பு மட்டும் அவளே செய்கிறாள். அவர் செய்வதை வாங்கிக்கொள்வதில்லை. வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொல்கிறாள். அவளுடைய கேக்கில் இனிப்பு கொஞ்சம் தூக்கல், நடுவில் சில சமயம் வேகாமலும் இருக்கும். அடுப்பின் சூட்டைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தட்டில் வைத்ததை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரங்களை அவரே கழுவி வைக்கிறார்.