வெங்காயம் இல்லாத மூன்று வாரங்கள்

எங்கள் வீட்டுக்குள் ஒரு முறை மூன்று வாரம் வெங்காயம் நுழையவில்லை. நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அது ஆகஸ்ட் விடுமுறை. நாவலப்பிட்டியில் ரயில் பாதைக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது எங்கள் வீடு. அப்பா டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தார். அம்மா விடியற்காலையில் கார்மெண்ட் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். ஒரு நாள் கடையில் சீமெந்து மூட்டையைத் தூக்கப்போன அப்பா, தூக்காமல் அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கிளினிக்கில் பார்த்தபோது பிரஷர் ஏறியிருந்தது. மருந்து கொடுத்து, ஒரு மாதம் வீட்டில் இருக்கச் சொல்லி, எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும் என்று அச்சடித்த தாளொன்றையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தாள் தமிழிலும் இருந்ததாம், சிங்களத்திலும் இருந்ததாம். எது வேண்டும் என்று நர்ஸ் சிங்களத்தில் கேட்டிருக்கிறார். கடையில் நாள் முழுக்கச் சிங்களம் பேசிப் பழகிய அப்பா, சிங்களமே போதும் என்று வாங்கி வந்துவிட்டார். வந்ததும் அதை என்னிடம் நீட்டினார்.

"வெளிச்சம் பத்தல. நீ வாசி பாப்பா."

ஜன்னல் வழியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. இரண்டாம் மொழிப் பாடத்தில் வகுப்பிலேயே கூடுதல் புள்ளி எனக்குத்தான். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி வாசித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பொரித்த சாப்பாடு கூடாது. கீரை தினமும் வேண்டும். தேங்காய்ப்பால் அளவோடு. சிவப்பரிசி நல்லது. வெங்காயத்தை முடிந்தவரை குறைக்க வேண்டும்.

"வெங்காயத்தையா?" என்றார் அம்மா. "உப்பைத்தானே கொறைக்கச் சொல்லுவாங்க?"

நான் தாளை மறுபடி மேலிருந்து கீழ்வரை தேடினேன். "உப்புன்னு எங்கயுமே இல்லம்மா. வெங்காயம்னுதான் ரெண்டு எடத்துல போட்டிருக்கு."

"டாக்டர்மாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா?" என்று அப்பா அம்மாவை மடக்கினார். அன்னாசித் துண்டைக்கூட உப்பில் புரட்டிச் சாப்பிடுகிறவர் அவர். அந்தத் தாள் அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

நாலு மணிக்கு எழுந்து மூன்று பேருக்கும் சமைக்கிற அம்மா, அப்பாவுக்கு வேறாக ஒரு சமையல் எப்படிச் செய்வது என்று யோசித்தார். "மத்தியானத்த நானும் பாப்பாவும் பாத்துக்கிறோம்," என்றார் அப்பா. அம்மா சிரித்ததை நான் மறக்கவில்லை. அப்பாவுக்குக் கேஸ் அடுப்பை எந்தப் பக்கம் திருப்பினால் எரியும் என்பதே தெரியாது. எனக்குத் தேத்தண்ணி போடத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் நாள் சோறு கஞ்சியானது. இரண்டாம் நாள் அடி கரிந்தது, மேலே அரிசி அரிசியாகவே இருந்தது. ஒரே சட்டியில் இரண்டும் எப்படி நடக்கும் என்று இருவரும் குனிந்து பார்த்தோம். சிவப்பரிசி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தோம். பருப்பு கொதிக்கும்போது ஏன் நுரை வருகிறது, கடுகு ஏன் வெடிக்கிறது, மஞ்சள் போட்டால் கரண்டி ஏன் நிறம் மாறுகிறது என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அப்பாவுக்கும் தெரியாது. "பொறு, பாப்போம்," என்பார். நாங்கள் சமைத்ததைவிடப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

ஒரு நாள் பேசின் நிறையக் கங்குன் கீரை நறுக்கிச் சட்டியில் போட்டு மூடினோம். திறந்தபோது ஒரு பிடிதான் இருந்தது.

"மிச்சம் எங்கப்பா?"

அப்பா மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அடுப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். பிறகு இருவரும் சிரித்தோம். அந்த ஒரு பிடியையும் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டோம்.

தாளை அலுமாரிக் கதவில் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தேன். சட்டம் என் கையில் இருந்தது. பக்கத்து வீட்டு மாமி கடலை வடை கொண்டுவந்தால், அதில் வெங்காயம் இருக்கிறது என்று அப்பாவின் கையிலிருந்து வாங்கிவிடுவேன். வாங்கியதை வீசவும் மாட்டேன். பின்பக்கப் படியில் உட்கார்ந்து நானே தின்றுவிடுவேன்.

வெங்காயம் இல்லாத பருப்பில் என்னவோ குறைந்தது. "சப்புன்னு இருக்கே," என்பார் அப்பா. தாளைப் பார்த்துவிட்டு நான் அனுமதி கொடுப்பேன்: "உப்புப் போட்டுக்குங்கப்பா. உப்புக்கு ஒண்ணும் சொல்லல." ஒரு சிட்டிகை போடுவார். பிறகு இன்னொன்று. வல்லாரைச் சம்பலுக்கும் அப்படித்தான், கத்தரிக்காய்க்கும் அப்படித்தான். அந்த மூன்று வாரத்தில் எங்கள் சமையல் நன்றாகவே தேறிவிட்டது. அம்மா ஒரு மாலை மிச்சமிருந்த பூசணிக்காய்க் கறியை ருசி பார்த்து, "உப்புத்தான் தூக்கலா இருக்கு. மத்தபடி நானே வச்ச மாதிரி," என்றார். அப்பா அன்றைக்கு எல்லோருக்கும் தானே பரிமாறினார்.

நாலாவது வாரம் அப்பா கிளினிக்குக்குப் போனபோது நானும் கூடப் போனேன். பாராட்டு எதுவும் கிடைத்தால் நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். அப்பாவின் முறை வந்தது. நர்ஸ் அவர் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றிப் பார்த்தார். கழற்றிவிட்டு மறுபடி சுற்றிப் பார்த்தார். பிரஷர் முன்பைவிடக் கூடியிருந்தது.

மருந்து குடிக்கிறாரா, நடக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். "லுணு குறைத்தீர்களா?" என்று கேட்டதும் நான் முந்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "லூணு போடுறதே இல்ல மிஸ். வீட்டுக்கே கொண்டுவாறதில்ல," என்றேன்.

நர்ஸின் பேனா நின்றது. "லூணுவா? லுணுவா?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டையும் எழுதிக் காட்டினார். ஒன்றுக்கு ஒரு சுழி கூட. சுழி உள்ளது வெங்காயம். அது எங்கள் பாடப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது. சுழி இல்லாதது உப்பு. அதை நாங்கள் இன்னும் படிக்கவில்லை. தாளில் இருந்தது உப்பு.

நர்ஸ் சிரித்துவிட்டார். வாங்கில் இருந்த இரண்டொருவரும் சிரித்தார்கள். என் காது சூடானது. அப்போது அப்பா என் தோளில் கையை வைத்து, "பிழை என்னோடது மிஸ். நான்தான் அவசரத்துல மாத்தி வாசிச்சிட்டேன்," என்றார்.

எனக்கு வந்தது கோபம். மூன்று வாரமாகத் தாளை வாசித்தது நான், ஒட்டி வைத்தது நான். பிழையாகவே இருந்தாலும் அது என்னுடைய வாசிப்பு. இவர் எப்படித் தன்னுடையது என்று சொல்லலாம்?

"இல்ல மிஸ்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசிச்சேன்."

நர்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் கை என் தோளிலேயே இருந்தது, ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. நர்ஸ் மேசை இழுப்பறையிலிருந்து தமிழ்த் தாளொன்றை எடுத்துக் கொடுத்தார். உப்பை எப்படிக் குறைப்பது என்று இந்த முறை ஒவ்வொன்றாக, மெதுவாக, வாயாலேயே சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டார். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான். "இது தமிழ்தானேப்பா. இனி நீங்களே வாசிக்கலாம்," என்றேன். உதவி செய்வதாகவே நினைத்துச் சொன்னேன்.

"ம்," என்றார்.

அப்பா சின்ன வயதில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருடம்கூட ஒழுங்காகப் போகவில்லை, எந்த மொழியிலும் தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதவோ வாசிக்கவோ அவருக்கு வராது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிங்களம் வாசிக்கத் தெரியாது என்ற நினைப்பில்தான் அன்று நர்ஸிடம் அப்படிச் சொன்னேன். தமிழ்கூட வராது என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை. கடையில் ஆணி, பைப், பெயின்ட் எல்லாவற்றையும் நிறத்தையும் அளவையும் வைத்தே எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்களுக்கே அது தெரியாதாம்.

அடுத்த மாதம் பிரஷர் இறங்கியது. அப்பா வேலைக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைச் சமையல் அவருடையதாகவே நிலைத்துவிட்டது.

ஆனால் அன்று கிளினிக்கிலிருந்து வந்து நாங்கள் சமைத்தது உப்பே போடாத சோறும் பருப்பும். வெங்காயம் மட்டும் தாராளமாகப் போட்டோம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைச் சுளித்துக் காட்டினேன், அப்பா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி, ஒரு வார்த்தையும் பேசாமல், கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு எழுந்தார். சோற்றில் உப்பில்லை, அதனால்தான் அப்பா பேசவில்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.