என் சேலையைக் கட்டியிருந்த பெண்

ஆத்தாளை நம்பியிருக்கிற உங்கள் எல்லோருக்கும், பிரசவம் பார்க்கும் அஞ்சலை சொல்லிக்கொள்வது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் தள்ளாடிய முப்பத்தொன்றாம் வருஷம், நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பல் ஏறிவிட இருந்தேன். புருஷனை விட்டுவிட்டுத்தான். ஏறாமல் நின்றது எப்படி என்பதே இந்தச் சாட்சி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கடையில் அரிசி வாங்கினால் தராசு முள்ளைப் பார்ப்பேன், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பேன், மறுபடியும் முள்ளைப் பார்ப்பேன். அப்படிப்பட்டவள் சொல்வதால் நீங்கள் தைரியமாக நம்பலாம்.

மலாக்காவில் டுரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் பால்மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் வடிக்கிற வேலை. என் வீட்டுக்காரர் ஸ்டோரில் ரப்பர் ஷீட்டு காயவைக்கும் புகைக்கூண்டில் இரவு முறைக்கு விறகு போடுகிறவர். காலையில் வந்து பாயில் விழுந்தால் மத்தியானம்தான் எழுந்திருப்பார். மூத்தவள் வள்ளிக்கு அப்போது பத்து வயது. சின்னவன் கைக்குழந்தை, காலையில் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவேன்.

விலை விழுந்ததும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வாத்தியாரைக் கப்பலில் அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடக் கொட்டகையில் உர மூட்டை ஏறியது. அதற்காகவே காத்திருந்தது போல் கங்காணி வந்து நின்றார்.

“பள்ளிக்கூடந்தான் இல்லியே. பெரிய புள்ளைய எதுக்கு சும்மா வச்சிருக்க? புல்லு வெட்ட அனுப்பும்மா.”

“சும்மா இல்லீங்க. நான் வீட்டுலயே படிப்பு சொல்லித் தரேன்” என்றேன்.

அவர் சிரித்தார். தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. என் அப்பா ஊரில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். முறத்தில் மணலைப் பரப்பி வள்ளியை எழுத வைத்தேன். வீட்டு வேலை எதையும் அவள் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். தோட்டத்தில் ஒரு பெண் பிள்ளையின் கையில் துடைப்பம் ஏறிவிட்டால் எழுத்து இறங்கிவிடும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதோடு நின்றேனா? இல்லை. எனக்கும் ஒரு ஆசை இருந்தது. என் தலைப்பிள்ளை பிறந்த உடனே போய்விட்டது. பக்கத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் இல்லை. படிக்கத் தெரிந்த பெண்ணாக இருந்தால் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் பிரசவ வேலை பழக அனுப்பலாம் என்று தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சொல்லி, ஒரு தமிழ்ப் புத்தகமும் கொடுத்தார். அடுப்பில் ஒரு கண், முறத்தில் ஒரு கண், புத்தகத்துக்கு மூன்றாவது கண் வேண்டியிருந்தது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, ரப்பர் மரக் கித்தாக்காட்டில் மரம் வெட்டி, பால் எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்தால், எச்சில் பாத்திரமும் அழுக்குத் துணியும் வாசலிலேயே என்னை வரவேற்கும். சோறு குழையும். குழந்தை அழும். வள்ளி நெடிலைக் குறிலாகச் சொல்லுவாள், அவளை அடித்துவிடுவேன். அடித்த கையோடு நானும் அழுவேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றி ஆத்தாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். என்னால் முடியவில்லை தாயே என்றேன். பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பவும் மனசு வரவில்லை, வீட்டை வீடாக வைத்திருக்கவும் தெம்பு இல்லை. இன்னொரு கை கொடு, ஒரே ஒரு கை கொடு என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்புமுன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். குறட்டை கேட்டது.

அடுத்த வாரமே ஆரம்பித்தது.

மத்தியானம் வந்து பார்த்தால் வீடு கூட்டியிருந்தது. பெரிய சோற்றுப்பானையை விளக்கிக் கவிழ்த்திருந்தது. அம்மியில் மிளகாய் அரைத்து வழித்து வைத்திருந்தது, அதுவும் கொரகொரவென்று. வள்ளியால் அந்தப் பானையைத் தூக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் நன்றி சொல்லி உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். யார் வந்தது? எதற்கு வந்தது? என் சமையலில் என்ன கலந்தது?

துடைப்பத்தைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. ஈர்க்கு மேலே பார்க்க, சுவரில் நிமிர்த்தி வைத்திருந்தது. நம் வீடுகளில் எந்தப் பெண் அப்படி வைப்பாள்? இது குடும்பத்துப் பெண் செய்த வேலை இல்லை, செய்வினைக்காரி வேலை என்று முடிவு கட்டினேன். அரைத்த மிளகாயைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டினேன். நிலைப்படியில் வேப்பிலை கட்டினேன். பானைச் சோற்றில் முதல் கவளத்தைக் கோழிக்கு வைத்துப் பார்த்தேன். கோழி தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று என் காலையே சுற்றியது. அந்தக் கோழியையும் நான் நம்பவில்லை.

வள்ளியைக் கேட்டேன். “தெரியாதும்மா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. வாய்க்கு வாய் பேசுகிற பிள்ளைக்கு யாரோ வாய்க்கட்டுப் போட்டுவிட்டார்கள் என்று பயந்தேன். முறத்து மணலில் வேறு, அவள் கை இல்லாத எழுத்து கிடந்தது. தடித்த விரலால் கோணல்மாணலாக யாரோ எதையோ கிறுக்கியிருந்தார்கள்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். “தூங்குறவனுக்கு என்னா தெரியும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுப் பாப்பாத்தியக்கா நிறை மாதம். கால் வீங்கி வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஒருநாள் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுக் காதோடு சொன்னார்.

“அஞ்சல, ஒன்னு சொல்றேன், மனசுல வச்சுக்க. நீ காட்டுல நிக்கிற நேரத்துல ஒருத்தி உன் வீட்டுல கூட்டிக்கிட்டு நிக்கிறா. பலகை இடுக்குல பார்த்தேன். தலையில முக்காடு. உன் அரக்குச் சேலதான்.”

“மூஞ்சியப் பாத்தீங்களாக்கா?”

“முதுகுதான் தெரிஞ்சுது. நல்லா ஒசரமா, கட்டுமஸ்தா இருக்கா. அவ கூட்டறா, உன் வீட்டுக்காரரு குரல் உள்ளேருந்து கேக்குது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?”

உள்ளே போய் அரக்குச் சேலையை எடுத்தேன். நான் மடிக்கிற மடிப்பு இல்லை. முகர்ந்து பார்த்தேன், புகை நாற்றம். சமையல் புகை வேறு, புகைக்கூண்டுப் புகை வேறு, அது எனக்குத் தெரியும். ஆக, செய்வினை இல்லை. ஸ்டோர் பக்கத்து ஆள். ஷீட்டு பிரிக்கிற பெண்களில் ஒருத்தி. என் புருஷன், என் வீடு, என் சேலை, என் பிள்ளைக்கும் வாய்ப்பூட்டு. அன்றைக்கு நான் பட்ட வேதனை என் பகையாளிக்கும் வேண்டாம். ஒரு கை கேட்டதற்கு இப்படியா தாயே என்று படத்தைத் திருப்பி வைத்தேன்.

அப்போது ஊருக்குத் திரும்புகிறவர்களின் பேரைக் கங்காணி எடுத்துக்கொண்டிருந்தார். நேராகப் போனேன். எனக்கும் பிள்ளைகள் இரண்டுக்கும் பேர் எழுதச் சொன்னேன்.

“புருஷன் பேரு?”

“வேணாங்க.”

அவர் ஏற இறங்கப் பார்த்தார். பேரை எழுதிக்கொண்டார்.

ஆனால் அவளை ஒருதரம் கையும் களவுமாகப் பிடிக்காமல் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுநாள் என் நிரையில் மரமெல்லாம் வெட்டி முடித்தேன். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. எடுக்க இன்னும் நேரம் இருந்தது. கத்தியைக் கொண்டுபோனால் என்ன செய்வேனோ என்று எனக்கே பயம். அதை வாளியில் போட்டு, வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு ஓடினேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் பட்டிருந்தால் அன்றைய பேரும் கூலியும் போயிருக்கும். கோயில் வழியாகத்தான் போகவேண்டும். ஆத்தாளைக் கும்பிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

பின்கதவு ஒருக்களித்திருந்தது. அவள் நின்றாள். என் சேலை, முக்காடு, குனிந்த முதுகு, கையில் என் துடைப்பம். பாய்ந்து முக்காட்டைப் பிடித்து இழுத்தேன். சேலை கையோடு வந்துவிட்டது. உள்ளே மீசை.

என் வீட்டுக்காரர்.

“அப்பாவ அடிக்காதம்மா” என்று முறத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வள்ளி அழுதாள்.

“சத்தம் போடாத புள்ள. பாப்பாத்தி காதுல விழுந்தா நாளைக்கு ஸ்டோரே சிரிக்கும்” என்றார் அவர்.

“என்னங்க இது கோலம்?”

“ஆம்பள வீடு கூட்டுனா இந்த லயத்துல விட்டு வைப்பானுங்களா? சேலயக் கட்டிக்கிட்டா உன் தங்கச்சி வந்திருக்கான்னு நெனச்சுக்குவாங்கன்னு பாத்தேன்.”

“எனக்கு ஏதுங்க தங்கச்சி?”

“அது அப்ப ஞாபகம் வரல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அவர் துடைப்பத்தை மறுபடியும் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “அன்னிக்கு விளக்கேத்திட்டு ஆத்தாகிட்ட ஒரு கை கேட்டியே, கொறட்ட சும்மா விட்டது, நான் முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். வீட்டுக்குள்ள ரெண்டு கை சும்மா கெடக்குது. என்கிட்ட ஏன் புள்ள கேக்கல?”

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆயாக் கொட்டகையைக் கேட்கலாம், கங்காணியைக் கேட்கலாம், கல்லைக் கூடக் கேட்கலாம், அவரைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நம்மில் யாருக்குத் தோன்றும்? மணலில் இருந்த கோணல் எழுத்தும் அவருடையதுதான். பிள்ளையிடம் எழுத்துப் படித்துக்கொண்டே கூட்டியிருக்கிறார், கூட்டிக்கொண்டே படித்திருக்கிறார். வெளியே சொன்னால் அப்பாவைக் கேலி செய்வார்கள் என்று பிள்ளை வாய் திறக்கவில்லை. கப்பலுக்குப் பேர் கொடுத்ததைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த சேலையை வாங்கி மடித்து வைத்தார். பிறகு, “மங்குல பால் கட்டிக்கப் போவுது, போயி எடு” என்றார். ஓடினேன். திரும்பி ஓடும்போது கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டேன்.

சாயங்காலம் கங்காணியிடம் பேரை அடிக்கச் சொன்னேன்.

“நேத்து போவணும்ன, இன்னிக்கி வேணாங்கிற. என்னம்மா நடக்குது உன் வீட்டுல?”

“தொணைக்கு ஒரு ஆளு கெடைச்சிருக்குங்க” என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் சேலை கட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் இல்லை, முன்வாசலைக் கூட்டினார். “அக்கா, எங்க வீட்டுக்கும் வர்றீங்களா” என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் கேட்டார்கள், அவர் கூட்டினார். கொஞ்ச நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். பாப்பாத்தியக்காவுக்கு மட்டும் நெடுநாள் சமாதானம் ஆகவில்லை. அவர் பிரசவத்துக்கு டிரசரோடு நான்தான் நின்றேன். வலிக்கு நடுவிலும், அது நெசமாவே உன் வீட்டுக்காரருதானா என்று கேட்டார்.

தீபாவளி வந்தது. கங்காணியும் வந்தார். வள்ளி ஒரு பழைய பத்திரிகைத் தாளைத் தட்டித் தடுமாறாமல் வாசித்தாள். அவர் தாளைத் திருப்பிப் பார்த்து, மனப்பாடமோ என்று வேறு பக்கத்தைக் கொடுத்தார். அதையும் வாசித்தாள். புல் வெட்ட அவளை யாரும் கூப்பிடவில்லை. பிறகு லயத்துப் பிள்ளைகளும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் நான் மலாக்கா டவுனில் வேலை பழகிய மாதங்களில் சமைத்தது, கூட்டியது, சின்னவனைக் குளிப்பாட்டியது எல்லாம் என் வீட்டுக்காரர்தான். மிளகாய் கடைசிவரை கொரகொரவென்றுதான் இருந்ததாம்.

இதில் ஆத்தாள் எங்கே வந்தாள், உன் புருஷன் செய்ததுதானே என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். நான் சும்மா நம்புகிறவளா? குடித்த தண்ணீர்க் குவளையைக் கூடக் கழுவி வைக்காத மனிதர் அவர். அந்த வெள்ளிக்கிழமை அவரைத் தூங்கவிடாமல் வைத்தது யார்? தூங்குகிறவர் என்று என்னை நம்பவைத்து, மனதில் இருந்ததை வாய்விட்டுச் சொல்ல வைத்தது யார்? எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் எனக்கு அவள் கைதான் தெரிகிறது. நம் ஊர்ப் பக்கம் சாமியே தாயாக வந்து பிள்ளைப்பேறு பார்த்ததாகச் சொல்வார்கள். என் வீட்டுக்கு அவள் மீசையோடு வந்தாள்.

என் சந்தேகப் புத்தி போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தராசு முள்ளை இன்றைக்கும் பார்க்கிறேன். ஆனால் வீட்டுக்குள் யாரையும் கோழியை வைத்துச் சோதிப்பதில்லை.

பிள்ளையின் படிப்பையும் வீட்டையும் சொந்த ஆசையையும் ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு திண்டாடுகிறவர்களே, அவளிடம் கேளுங்கள். கட்டாயம் கொடுப்பாள். கேட்கும்போது மனதுக்குள் மட்டும் முணுமுணுக்காதீர்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறவர் காதிலும் விழட்டும்.