கிடாரத்துக்கும் ஒரு அட்டை

ருவான்வெல்லையிலிருந்து மேலே ஏறும் ரப்பர் தோட்டத்தில் விஜயகலா என்று பெயரைச் சொன்னால் போதும், ஆட்கள் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். அவள் கேள்வி கேட்கத் தொடங்கினால் லேசில் விடமாட்டாள். பால்வெட்டப் போகிறவர்களை நிறுத்தி, ஒரு மரத்தில் பால் ஏன் கூட வருகிறது, பக்கத்து மரத்தில் ஏன் வரவில்லை என்று கேட்பாள். காலையில் ஆள் கணக்கெடுத்துப் பெயர் கூப்பிட நேரமாகிவிட்டது என்று அவர்கள் நழுவினால், திரும்பி வரும்போது பிடித்துக்கொள்வாள். இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஸ்ரீதரன் மாதிரி வாய் திறக்காத ஆள் புருஷனாக வாய்த்தது யார் செய்த குறும்போ தெரியவில்லை.

ஸ்ரீதரன் தோட்டத்து முச்சந்தியில் உட்காரும் கதிரை, தகரப் பந்தல், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். ஒரு லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவான். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் நெற்றியைத் தட்டி, "எல்லாம் இங்க இருக்கு" என்பான். அங்கே இருந்தது பாதிதான். மீதி தோட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தது.

அதற்கு அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. சாவு வீட்டுக்குப் போன சாமானை அந்த வீட்டுக்காரர்கள் சுமந்துகொண்டு வந்து திருப்பித் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அது அங்கேயே கிடக்கும். அடுத்து யாருக்குத் தேவையோ அவர்கள் நேராக அந்த வீட்டுக்குப் போய்க் கழுவி எடுத்துக்கொள்வார்கள். இப்படிச் சோறு பொங்கும் கிடாரம் ஒரு லயத்து வரிசை வீடுகளிலிருந்து இன்னொரு லயத்துக்கு, அங்கிருந்து தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்கு, பிறகு சிங்களக் கிராமத்தில் பிக்குகளுக்கு அன்னமிடும் ஒரு தானத்துக்கு என்று கடைப் பக்கமே தலைகாட்டாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

விஜயகலா பல வருஷம் கார்மென்ட் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவள். அது மூடப்பட்டதும் வீட்டுக்கு வந்து கடையைப் பார்த்தாள். பார்த்ததும் தலை சுற்றியது. கரண்டி இருக்கிறது, கிடாரம் இல்லை. பந்தல் தகரம் இருக்கிறது, கால்கள் இல்லை.

"ஏங்க, பெரிய கிடாரம் எங்கங்க?"

"மேல் லயத்துல."

"மேல் லயத்துல யாரு வீட்டுல?"

"அதான் மேல் லயத்துலன்னு சொல்றேன்ல."

அவள் அடுத்த நாளே பஜாருக்கு இறங்கி, முஹ்ஸின் நானாவின் கடையில் தடித்த அட்டைகள் வாங்கி வந்தாள். பெரிய கணக்குப் புத்தகம் அவளுக்குப் பிடிக்காது. புத்தகத்தில் ஒரு சாமானைத் தேடுவதற்குள் விடிந்துவிடும் என்பாள். கார்மென்ட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் தனி அட்டை. பின் கார்ட் என்பார்கள். நூல் பெட்டி என்றால் அதன் அட்டையிலேயே வந்ததும் போனதும் இருக்கும். அதே மாதிரி இங்கேயும் கிடாரத்துக்கு ஒரு அட்டை, தேத்தண்ணிக் கேத்தலுக்கு ஒரு அட்டை, கதிரைகளுக்கு அடுக்குக்கு ஒன்று. எல்லாவற்றையும் சுவரில் ஆணியடித்து வரிசையாகத் தொங்கவிட்டாள்.

எழுதத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பெயரை எழுதினால் ஒரே பெயரில் லயத்துக்கு நாலு பேர். வீட்டு நம்பரை எழுதினால் அது தோட்ட ஆபீசுக்கு மட்டும் தெரிந்த நம்பர், வீட்டில் இருப்பவனுக்கே தெரியாது. அவள் யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஊரில் எல்லோருக்கும் நன்றாக நினைவில் நிற்பது விசேஷம்தான். 'எதுக்கு' என்று ஒரு கட்டம் போட்டு, இன்னார் மகள் சடங்கு, இன்னார் கருமாதி, இன்னார் புது வீடு குடிபூரல் என்று எழுதினாள். அதற்குப் பிறகு ஒரு அகப்பைகூடத் தொலையவில்லை. 'அந்தச் சடங்கு வீட்டுக்குப் போன அகப்பை' என்றால் குழந்தைகூட எடுத்துக் கொடுத்தது.

அவளுக்கு ஒரே குஷி. சாயந்தரமானால் அட்டைகளின் முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பாள். பெரிய கிடாரம் இவ்வளவு ஊர் பார்த்திருக்கிறதா! சின்னக் கிடாரத்தை ஏன் கீழ் டிவிஷன் ஆட்கள் தொடுவதே இல்லை? மழை மாதத்தில் ஏன் சடங்குகள் குறைகின்றன? ஸ்ரீதரன் டீயை உறிஞ்சியபடி, "ஒனக்கு வேற சோலி இல்லியா?" என்பான். ஆனாலும் சாமான் தேடி மலை ஏறி இறங்கும் வேலை மிச்சமானதில் அவனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மல்லிகா கடைக்கு வந்தாள். மேல் லயத்து மல்லிகா. புருஷன் இறந்து நாலு வருஷம். மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்து, பந்தல், கதிரை, பெரிய கிடாரம் எல்லாம் சொல்லிவிட்டுப் போக வந்தவள். சும்மா போயிருக்கலாம். சுவரில் தொங்கியதைப் பார்த்துவிட்டு நின்று வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

"கலா, இந்தக் கிடாரம் கடைசியா கருமாதிக்குப் போயிருக்கே."

"ஆமாக்கா. புளி போட்டு நல்லா வெளக்கியாச்சு."

"சாவு வீட்டுச் சட்டியிலயா எம் மகள் கல்யாணத்துக்குச் சோறு பொங்கச் சொல்ற?"

இத்தனை காலமும் எல்லோர் கல்யாணத்துக்கும் அதே சட்டியில்தான் சோறு பொங்கியது. யாருக்கும் தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் கேட்காமல் இருந்தார்களா என்று விஜயகலாவுக்குக் கேட்க ஆசை. மல்லிகாவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அந்த முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. கைம்பெண் வீட்டுக் கல்யாணத்தில் எது தவறினாலும் ஊர் முதலில் யாரைப் பார்க்கும் என்பது மல்லிகாவுக்குத் தெரியாதா?

பேச்சு லயத்துக்கு லயம் பரவியது. கல்யாணத்துக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டொரு வீட்டார் டவுன் கடையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். டவுன் கடைச் சாமான் மட்டும் வானத்திலிருந்தா இறங்கியது? அங்கே அட்டை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்ரீதரன், "சும்மா கெடந்த சங்க ஊதிட்ட" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனான்.

விஜயகலா அட்டையைக் கழற்றவில்லை. சாமான்களை இரண்டாகப் பிரித்தாள். சிவப்புக் கியூட்டெக்ஸ் நகப்பூச்சில் புள்ளி வைத்தவை நல்ல காரியத்துக்கு, நீலப் புள்ளி வைத்தவை மற்றதற்கு. வாங்கி அதிக நாள் ஆகாத கிடாரம் ஒன்று இருந்தது. அதைச் சிவப்பில் சேர்த்தாள். மல்லிகாவைக் கூட்டி வந்து காட்டினாள்.

"ஒங்க வீட்டுக் கல்யாணம் முடியிற வரைக்கும் இந்தச் சிவப்பு ஒண்ணுகூட சாவு வீட்டுப் படியேறாதுக்கா. இது என் வாக்கு."

மல்லிகா ஒவ்வொரு கதிரையாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். டவுன் கடைக்குப் போனவர்களும் மெல்லத் திரும்பி வரத் தொடங்கினார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில், கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அழகமுத்து இறந்துபோனார் என்று செய்தி வந்தது. வயதான பால்வெட்டுக்காரர், மேல் லயத்தில் மல்லிகாவுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். அவருடைய மகள் சசி கடை வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது குரலே இல்லை.

"அக்கா, அப்பாவைக் கொண்டு வர்றாங்க. மழை வேற. ஆளுங்க ஒக்கார ஏதாச்சும் குடுங்கக்கா."

நீலக் கதிரைகள் முழுதும் பந்தலோடு கீழ் டிவிஷனில் ஒரு கருமாதியில் இருந்தன. கடையில் அடுக்கியிருந்தவை அத்தனையும் சிவப்பு. சாவு வீட்டிலிருந்து வந்து கேட்டவர்களை இல்லை என்று அனுப்பிய ஆள் அந்தத் தோட்டத்தில் பிறக்கவில்லை. வாக்கை மீறினால் கல்யாண வீடுகள் எல்லாம் டவுனுக்குப் போய்விடும். பிறகு ஒன்றும் திரும்பி வராது.

ஸ்ரீதரன் அவளைப் பின்பக்கம் கூப்பிட்டான். "ஏத்திட்டுப் போறேன். அட்டையில எழுதாத. கழுவி வச்சா யாருக்குத் தெரியும்?"

யோசனை லேசானதுதான். விஜயகலாவுக்கும் ஒரு நிமிஷம் அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு பொய் ஏறிவிட்டால் அதன் பிறகு அந்தச் சுவரில் எந்த அட்டையைத்தான் நம்புவது? அவளாலேயே நம்ப முடியாதே. "நீங்க வண்டியில ஏத்துங்க. ஆனா நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் மேல் லயத்துக்கு ஏறினாள்.

மல்லிகா வாசலில் நின்று சசி வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயகலா மூச்சு வாங்கியபடி சொன்னாள், "அக்கா, நீலம் ஒண்ணும் இல்ல. சிவப்புதான் இருக்கு. நான் வாக்குக் குடுத்திருக்கேன். ஒங்களக் கேக்காம எடுக்க மாட்டேன்."

மல்லிகா லயத்துத் தண்ணீர்ப் பீலியைப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர் கருமாதியன்னைக்கி, அந்தப் பீலியடியில அழகமுத்து அண்ணன் ஒங்க பெரிய கிடாரத்த வெளக்கிக்கிட்டு இருந்தாரு. ரெண்டு நாள்ல சசிக்குக் கல்யாணம். ஒனக்குத் தெரியாது, நீ அப்ப கார்மென்ட்ல."

"எங்க கிடாரமா? கருமாதியில இருந்து நேரா கல்யாணத்துக்கா?"

"நேராத்தான். வெளக்கிட்டு எங்க வாசலுக்கு வந்தாரு. நான் மூலையில கெடந்தேன். உள்ள வராம நின்னுக்கிட்டு, 'மல்லிகா, இதக் கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்மா, ஒனக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்குமா'ன்னு கேட்டாரு."

விஜயகலாவால் சும்மா இருக்க முடியவில்லை. "சாவு வீட்டுச் சட்டின்னு அவரு யோசிக்கலியா?"

"அந்த நெனப்பே அவருக்கு வரல கலா. நான் என்ன நெனப்பேன்னுதான் அவருக்கு யோசனை." மல்லிகா சசி வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு செத்துக் கெடக்காரு. அவரு வீட்டுக்கு வந்தவங்க ஒக்காரக்கூடாதுன்னா நான் சிவப்புப் புள்ளி எண்ணிக்கிட்டு இருந்தேன்!"

விஜயகலாவுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"ஏத்தச் சொல்லு, போ," என்றாள் மல்லிகா. "ஒளிக்காத. கொட்டை எழுத்துல அட்டையில எழுது. எவளாச்சும் கேட்டா, மல்லிகா சொல்லித்தான் போச்சுன்னு சொல்லு."

வண்டி மேலே வருவதற்குள் மல்லிகா சசி வீட்டு வாசலில் நின்றாள். கதிரைகளை இறக்கும்போது இரண்டு இரண்டாக வாங்கி, மழைத் தண்ணீரை முந்தானையால் துடைத்து வரிசை போட்டாள். சிவப்புப் புள்ளிக் கதையை அறிந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒன்றை இழுத்துப் போட்டு முதல் ஆளாக உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரம் கழித்து அவள் மகளின் கல்யாணம் நடந்தது. புதுக் கிடாரம் வேண்டாம், பழைய பெரிய கிடாரத்தையே கொண்டு வா என்று மல்லிகா சொல்லியனுப்பியிருந்தாள். தண்ணீர் கொதித்ததும், முதல் அரிசியைப் போட ஒரு சுமங்கலியைத் தேடினார்கள். மல்லிகா வழக்கம்போல ஒதுங்கி, தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். விஜயகலா அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அவளிடம் போனாள்.

"போடுங்கக்கா."

மல்லிகா பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தாள். ஒருத்தியாவது தடுப்பாள் என்று காத்திருந்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் அள்ளி, மகள் கல்யாணச் சோற்றுக்கு முதல் அரிசியைப் போட்டாள்.