தண்ணி லாரிக்கு ரெண்டு கேம்

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா கொடுத்தால் வாங்கிக்கொள்ள ஆளும் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வேலை அப்படிப்பட்டது. இந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மோட்டார் ஓடாததற்கு நாம் பொறுப்பு, லிஃப்ட் நின்றதற்கு நாம் பொறுப்பு. பிறகு குழந்தைகள் கேம் விளையாடுவதற்கு மட்டும் வேறு யார் பொறுப்பாவார்கள்?

எங்கள் குடியிருப்பு பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. சங்கத் தேர்தல் நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கூட்டத்துக்கு வராதவர்களைப் பதவிக்குத் தேர்ந்தெடுப்பது எங்கள் சங்கத்தின் வழக்கம். சாயங்காலம் தாம்பூலப் பையோடு திரும்பி வந்தபோது நான் செயலாளராகியிருந்தேன்.

டேப்லெட் வந்தது

பி பிளாக் பிரகாஷ் திருநெல்வேலிக்காரர், ஐ.டி. வேலை. எதையும் ஆப்பில் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். கேட்டுக்கு ஒரு டேப்லெட் வாங்க வைத்தவர் அவர்தான். வெளியாள் வந்தால் செக்யூரிட்டி அதில் போட்டோ எடுத்து, பெயரையும் வந்த காரியத்தையும் அடித்து, வீட்டைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் போனுக்குத் தகவல் வரும். அவர் 'அனுமதி' என்று அமுக்கினால் கேட் திறக்கும்.

பகல் ஷிஃப்ட் செக்யூரிட்டி ஏகாம்பரம், பின்னால் இருக்கும் பழைய ஊர்த் தெருக்காரர். இப்போது எங்கள் பிளாக் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் அவர் குடும்பம் நெல் போட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு நடந்துபோய் அந்த அம்மாவுக்கு ஊட்டிவிட்டு, அரை மணியில் கேட்டுக்குத் திரும்பிவிடுவார். வேலை பக்கத்திலேயே இருப்பதால்தான் அது முடிகிறது. டேப்லெட்டை நான் அவர் கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சோறு கேக்காது, டீ கேக்காது. ஆனா கொஞ்ச நாள்ல என் வேலைய கேக்கும், பாருங்க மேடம்."

பிரவுனி வந்திருக்கிறார்

ஆபீசில் ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்தது. கேட்டிலிருந்து தகவல். பெயர் பிரவுனி, வந்த காரியம் டின்னர். ஏதோ கேக் டெலிவரி போலிருக்கிறது, என் பிள்ளை ஆர்டர் போட்டிருப்பான் என்று நினைத்து, போட்டோவைப் பார்க்காமல் அனுமதியை அமுக்கிவிட்டேன்.

சாயங்காலம் மூன்றாவது மாடிக்குப் போனால் என் வீட்டு வாசலில் தெருநாய் ஒன்று காலை நீட்டிப் படுத்திருக்கிறது. டேப்லெட்டில் அனுப்பியது பிரகாஷின் மகள் யாழினி, ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூட லீவில் அவள் தலைமையில் ஒரு பட்டாளமே கேட்டில் முகாமிட்டிருப்பதும், டேப்லெட்டில் கார் ரேஸ், பழம் வெட்டுவது, பலூன் சுடுவது என்று ஆப்புகள் குடியேறியிருப்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "பசங்கதான் அனுப்பினாங்க சரி, நாயை எப்படிங்க உள்ளே விட்டீங்க?" என்று ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "நீங்க பர்மிசன் குட்த்தீங்க மேடம். மூணாவது மாடியாச்சே, பாவம்னு நாந்தான் லிஃப்ட்ல ஏத்தி உட்டேன்."

ரகசிய எண்

சி பிளாக் பத்மநாபன் வீட்டுக்கு வந்த விருந்தாளி வெயிலில் நின்றபோது, டேப்லெட் ஒரு பையன் மடியில் கார் ரேஸில் இருந்ததாம். பத்மநாபன் சும்மா விடுகிற ஆளா? கமிட்டியைக் கூட்டிவிட்டார். மாதக் கடைசிக் கூட்டத்துக்குள் கேட் ஒழுங்காகாவிட்டால் செக்யூரிட்டி ஏஜென்சியிடம் சொல்லி ஆளை மாற்றுவது என்று முடிவானது. மாற்றினால் ஏகாம்பரத்தைக் குமணன்சாவடி தாண்டி ஏதோ ஒரு குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் மத்தியானம் அந்த அம்மாவுக்கு யார் ஊட்டுவது?

டேப்லெட்டைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போய், எண் போட்டால்தான் திறக்கும்படி செய்து வாங்கி வந்தேன். எண்ணை ஏகாம்பரத்திடம் மட்டும் காதோடு சொன்னேன். மறுநாளே கேட்டில் பலூன் வெடிக்கும் சத்தம். பக்கத்தில் நின்று கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மனிதர் ஒவ்வொரு எண்ணையும் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போல உரக்கச் சொல்லிக்கொண்டே அமுக்குகிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது: "நா யார்கிட்டயும் சொல்லல மேடம், எனுக்கு நானே சொல்லிக்கினேன்."

முகம் பார்த்தால் திறக்கும்

எண்ணே வேண்டாம், ஏகாம்பரத்தின் முகத்தையே பூட்டுக்குச் சாவியாக்கிவிடலாம் என்று பிரகாஷ் யோசனை சொன்னார். தொப்பியோடு ஒரு தடவை, தொப்பி இல்லாமல் ஒரு தடவை முகத்தைப் பதிவு செய்தோம். கல்யாணத்துக்குப் போட்டோ எடுப்பது போல அவர் மீசையைச் சீவிக்கொண்டு நின்றார். இனி யார் வந்து திறக்கிறார்கள் பார்ப்போம் என்று நான் இரண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். யாழினி டேப்லெட்டை ஏகாம்பரத்தின் முதுகுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு "அங்கிள்!" என்று கூப்பிடுகிறாள். அவர் திரும்புகிறார். திறந்துகொள்கிறது. அவள் ஓடுகிறாள். கீழே இறங்கிப் போய், "உங்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கொழந்த கூப்டா திரும்பிப் பாக்காம எப்டி மேடம் கீறது?"

பூட்டு விழுந்தது

பிரகாஷுக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அந்த டேப்லெட்டில் கேட் ஆப்பைத் தவிர வேறு எதுவுமே தலைகாட்டாதபடி பூட்டினார். கார் ரேஸ் போயிற்று, பழமும் கத்தியும் போயின. கூடவே ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, போனில் அனுமதி வராமல் யாராக இருந்தாலும் கேட்டைத் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். பிள்ளைகள் வந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏகாம்பரத்தின் வேலை தப்பித்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வருகிறேன், கேட்டுக்கு வெளியே மெயின் ரோடு வரைக்கும் பைக் வரிசை. கொரியர், காய்கறி, சாப்பாடு, மருந்து என்று எல்லா நிறத்துச் சட்டையும் நிற்கிறது. நடுவில் ஏகாம்பரம் வேர்த்து விறுவிறுத்து, ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு டேப்லெட்டில் எதையோ தேடுகிறார். வரிசையின் முன்னால் நின்ற டெலிவரிப் பையன் பெட்டியைத் திறந்து அவரிடம் காட்டினான்: "அண்ணாத்தே, ஐஸ்கிரீமா குட்த்தாங்கோ, பாயசமா பூட்ச்சி. ஒரு டம்ளராவது எட்த்துகினு வா."

கூலி விவரம்

முந்தின வாரம் வரைக்கும் சரசரவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது ஏன் நிற்கிறார்கள்? எனக்கு விளங்கவில்லை. கூட்டம் குறைந்த பிறகு ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தமிழ்ப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பாராம். டேப்லெட்டிலோ எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். வெளியே சொன்னால் வேறு ஆள் பார்த்துவிடுவார்களே என்று வாயைத் திறக்காமல், பிள்ளைகளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர்கள் அடித்துக் கொடுப்பார்கள், பதிலுக்கு விளையாட விடுவார். எண் வெளியே போனதும், கூப்பிட்டால் திரும்பியதும் எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தைகளைத் துரத்துகிறோம் என்று நாங்கள் கேட்டையே இழுத்து மூடியிருக்கிறோம். திருநெல்வேலிக்காரரும் சேலத்துக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் சேர்ந்து குடியிருக்கிற இடத்தில், வாசலுக்கு மட்டும் இங்கிலீஷ் வைத்திருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அந்த வழியாக சைக்கிளில் வந்த யாழினியை நிறுத்தி விசாரித்தேன். "கொரியருக்கு ஒரு கேம், தண்ணி லாரிக்கு ரெண்டு கேம்" என்று கூலிக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் ஒப்பித்தாள். லாரிக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டேன். இதுகூடத் தெரியாமல் எப்படிச் செயலாளரானேன் என்பது போல என்னைப் பார்த்தாள். "லாரிக்கு நம்பர் பிளேட்டும் அடிக்கணும்ல ஆன்ட்டி!"

மாதக் கடைசிக் கூட்டம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். "அப்படின்னா இது குழந்தைத் தொழிலாளர் விவகாரம்" என்று பத்மநாபன் எழுந்துவிட்டார். தமிழில் மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, "பார்க்கணும் மேடம்" என்றார் பிரகாஷ். ஐ.டி.க்காரர்கள் பார்க்கணும் என்றால் பார்க்க மாட்டார்கள் என்று அர்த்தம். ஏகாம்பரத்தை மாற்றலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்று பத்மநாபன் சொல்லவும், அங்கங்கே கைகள் எழும்பத் தொடங்கின. நான் செயலாளராக இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது.

அப்போது யாழினி மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தாள். பிரகாஷின் மாமியார் திருநெல்வேலியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ரொம்ப நேரமாகக் கேட்டில் இருக்கிறாராம். ஏகாம்பரம் தேடித் தேடி அடித்து அனுப்பிய தகவல்கள், கூட்டத்துக்காகச் சத்தத்தை அணைத்து வைத்திருந்த பிரகாஷின் போனில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் பதறிப்போய் அனுமதியை அமுக்கினார். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் கூட்ட அறைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே ஏகாம்பரம், தலையில் மாமியார் கொண்டுவந்த அரிசி மூட்டை, சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. எழும்பிய கைகள் எழும்பியபடியே நிற்க, அந்த அம்மாள் மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்: "ஒங்க மெசினு என்னைய உள்ள விடமாட்டேன்னுட்டு மாப்ள. அங்கன கெடந்த ஒத்த நாற்காலியையும் எனக்குப் போட்டுட்டு, இந்த அண்ணாச்சிதான் வெயில்ல நின்னாவ."

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பத்மநாபன் செருப்பைத் தேடப் போய்விட்டார். அன்று சாயங்காலமே பிரகாஷ் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தமிழ் அந்த ஆப்பில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, இரண்டு இடத்தில் அமுக்கினால் போதுமாம். வீட்டுக்காரர்கள் பெயர்களையெல்லாம் பிள்ளைகள் தமிழில் மாற்றி அடித்துக் கொடுத்தார்கள். கூலியாகக் கார் ரேஸ் மட்டும் திரும்பி வந்தது, கேட்டில் ஆளில்லாத நேரத்துக்கு. மறுநாள் மத்தியானம் ஏகாம்பரம் எப்போதும் போல வீட்டுக்கு நடந்தார்.

எந்தக் குழந்தை எந்த ஆப்பைத் தொடக் கூடாது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட பெரியவர்கள் நாங்கள், அந்த டேப்லெட்டைத் தொட வேண்டியவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பிரவுனி என் வாசலில் படுத்ததைத் தவிர வேறு எந்தச் சேதமும் ஆகியிருக்காது.