ஹெப்பாரின் போடாத சிரிஞ்சு

டியூபைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது நகரவில்லை. மஜ்ஜை உறைந்துவிட்டது.

தென்காசியில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக இருக்கிறேன். அன்று மேசையில் படுத்திருந்தவர் ஆலங்குளத்துப் பெண் ஏட்டு. சங்கிலி பறித்தவனைத் துரத்திப் போய் விழுந்ததில், முழங்கால் குருத்தெலும்பில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குழி. சரியாகாவிட்டால் இனி ஓட்டம் இல்லை, ஸ்டேஷனில் நாற்காலிதான். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, ஸ்டெம் செல் உள்ள அடுக்கை மட்டும் பிரித்து அந்தக் குழியில் வைப்பதாகத் திட்டம். மஜ்ஜை உறையாமலிருக்க சிரிஞ்சில் முன்பே ஹெப்பாரின் போட வேண்டும். அது என் வேலை. ஏட்டம்மாவுக்கு ஸ்டெம் செல்லின் மகிமையை விளக்கிக்கொண்டே செய்தேன். விளக்கம் பிரமாதம். ஹெப்பாரின்தான் இல்லை.

முதுகில் மரப்பு ஊசி போட்ட நோயாளிக்கு நினைவு இருக்கும். அதனால் கெட்ட செய்தியை மெதுவாக, இங்கிலீஷில் சொல்வது எங்கள் வழக்கம்.

“சார், சாம்பிள் க்ளாட்டட்.”

குழியைச் சுத்தம் செய்து முடித்திருந்த டாக்டர் நிமிர்ந்தார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“என்ன டாக்டரே, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. மிஷின்ல சின்ன ட்ரபிள்” என்றார் டாக்டர்.

“மிஷினுக்கு எதுக்குக் குரலத் தாழ்த்துதிய? ஸ்டேஷனுக்கு வாரவனும் பொய் சொல்லும்போதுதான் குசுகுசுங்கான்.”

“மிஷின் இல்லம்மா” என்றேன். “நான்தான் மருந்து போட மறந்துட்டேன். திரும்ப எடுக்கணும்.”

முதுகு ஊசியின் மரப்பு மேலிருந்துதான் விலகும். முழங்கால் இன்னும் மரத்திருந்தது. இடுப்பில் உணர்வு வந்துகொண்டிருந்தது. அங்கே தனியாக ஊசி போட்டாலும் உறிஞ்சும்போது வலிக்கும், வேண்டாமென்றால் இப்படியே மூடிவிடலாம் என்றார் டாக்டர்.

“எடுங்க. அந்த அண்ணாச்சியே மருந்து போடட்டும். மாட்டுனவன் ரெண்டு நாளாவது ஒழுங்கா இருப்பான்லா!”

ஒவ்வொரு சிரிஞ்சிலும் போட்டு, நர்ஸிடம் காட்டிக் கொடுத்தேன். டாக்டர் உறிஞ்சினார். “யம்மா!” என்றொரு சத்தம். நாங்கள் யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. டியூபைச் சாய்த்தேன். நகர்ந்தது.

அடுத்த வருட ஸ்கேனில் குழி முக்கால்வாசி மூடியிருந்தது, ஏட்டம்மா ஓடுகிறார். இப்போது ஹெப்பாரின் போட்டதை வாய்விட்டுச் சொல்லி, நர்ஸ் ஆமென்ற பிறகே சிரிஞ்சைக் கொடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்று கட்டுப் போடும்போதே ஏட்டம்மா ஒன்று கேட்டார்.

“நடந்தத கேஸ் ஷீட்டுல எழுதிருங்க அண்ணாச்சி. கையெழுத்தும் வேணும்.”

எழுதினேன். இருபது வருடத்தில் நான் செய்த முதல் தவறல்ல அது. கையெழுத்துப் போட்ட முதல் தவறு.